இசை அருங்காட்சியகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிப் பெட்டியைத் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். ஐரோப்பாவுக்கு முதல்முறை போகும் நம் இசை மாணவர்கள் வேறு விஷயங்களில் மாட்டிக்கொண்டு, "எதற்கெடுத்தாலும் கூடாது என்கிறார்கள்" என்று நொந்து திரும்புகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதுகுப்பையோடு நுழைவது

வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

"அஞ்சு நிமிஷம்தானே" என்று கச்சேரிக்குத் தாமதிப்பது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இத்தாலியின் கிரெமோனா, வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவாரி வாழ்ந்து 1737-இல் மறைந்த ஊர். அவர் 1715-இல் செய்த 'இல் கிரெமோனேஸே' வயலின் அங்குள்ள வயலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும்வரை அது அழகான மரம், அவ்வளவுதான். அங்கே பழைய வாத்தியங்களை எடுத்துக் கலைஞர்கள் வாசிக்கும் சிறு கச்சேரிகளும் நடக்கும். அதற்குத் தனிச் சீட்டு, தனி நேரம். நுழைவுச் சீட்டு மட்டும் வாங்கியவர்கள் ஒரு ஸ்வரம்கூட நேரில் கேட்காமல் ஊர் திரும்புகிறார்கள்.

சரி, இரண்டு சீட்டும் வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கச்சேரி நடுவே மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குப் போய்வரும் நம் சபா பழக்கம் கூடவே வந்துவிடுகிறதே! வேறொரு நாட்டில், வேறோர் அருங்காட்சியகத்தில், எங்களோடு வந்த மாணவி ஒருத்தி படம் எடுக்கக்கூடாது என்ற காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், அவரிடம் பதில் இல்லை. அவள் மாடியில் இருந்த கச்சேரி அறைக்கு ஓடி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே ஹார்ப்சிகார்ட் (பியானோ போன்ற பழைய வாத்தியம்) வாசிப்பது வெளியே மெல்லக் கேட்கிறது. எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. எங்களுக்கு அன்று மாலையே ரயில். கதவு மூடும் நேரத்தைச் சீட்டில் அச்சடித்திருக்க வேண்டும். அந்த விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஆனால் கதவை மூடியதைக் குறை சொல்ல மாட்டேன். 2019 தொடக்கத்தில் கிரெமோனாவில் இந்தப் பழைய வாத்தியங்களின் ஒலியைப் பதிவுசெய்தபோது, அரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளையே விடவில்லை. கல் பாவிய தெருவில் கார் போனால் அந்த அதிர்வு மைக்கில் ஏறிவிடும். குதிகால் செருப்புச் சத்தமும் அப்படித்தான். உள்ளே லிஃப்ட், காற்றோட்ட இயந்திரம், விளக்குகள்கூட நின்றன. வாரக்கணக்கில் ஒரு ஊரே சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. கச்சேரி நடுவே கதவு திறந்தால், அந்தச் சத்தம் உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் காதிலும்தான் விழும்.

அதனால் இரண்டு சீட்டையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருங்கள். காவலரிடம் கேட்க வேண்டியது எதுவானாலும் அப்புறம் கேட்கலாம்.

சொந்த வயலினைத் தூக்கிக்கொண்டு போவது

விடுதியில் வையுங்கள். வெளியே வரும்போது பெட்டியில் இருப்பது உங்களுடையதுதான் என்று யாரிடமும் விளக்க வேண்டியிருக்காது.

எல்லா ஊரிலும் ஒரே விதி என்று நம்புவது

ஓரிடத்தில் தாராளமாகப் படம் எடுக்கலாம், இன்னோரிடத்தில் செல்பேசியையே வெளியே எடுக்கக்கூடாது. டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை போவது

பல இடங்கள் பூட்டியிருக்கும்.