தைராய்டு மாத்திரையும் குடல் அழற்சியும்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தைராய்டு மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் ஆகியிருக்கும். வயிறு கலங்குகிறது, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போக வேண்டியிருக்கிறது. செல்போனில் தேடினால் 'குடல் அழற்சி', 'பக்கவிளைவு' என்ற சொற்கள் கண்ணில் படுகின்றன. அன்று இரவே மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது. பலர் முதலில் சறுக்குவது இங்கேதான்.

பேதி வேறு, குடல் அழற்சி வேறு. குடல் வழக்கத்தைவிட வேகமாக ஓடினாலே பேதியாகும். அதற்கு உட்சுவர் புண்ணாகியிருக்க வேண்டியதில்லை. அழற்சி என்றால் சுவரிலேயே கோளாறு. மலத்தில் ரத்தம் அல்லது சளி, நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல் இவையெல்லாம் இருந்தால் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குத் தரப்படும் லெவோதைராக்சின், நம் உடம்பே சுரக்கும் ஹார்மோனின் நகல்தான். சரியான அளவில் இருக்கும்போது அது குடலைப் புண்ணாக்குவது வழக்கமில்லை. அளவு மிஞ்சினால் கதை மாறும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, கூடவே பேதி. அதனால் வயிறு கலங்கியதும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது மாத்திரை அட்டையைத்தான். 25, 50, 75, 100 மைக்ரோகிராம் என்று ஒரே பெயரில் அட்டைகள் வரும், எண் மட்டும்தான் மாறும். சீட்டில் 50 இருக்க, கையில் இருப்பது 100 என்றால் காரணம் கிடைத்துவிட்டது. '50 மாத்திரை தீர்ந்துபோச்சு, 25-ல் ரெண்டு போடுங்க' என்று யாரோ சொன்னதை, 50-ல் இரண்டு என்று பிடித்துக்கொண்டவர்களும் இருப்பார்கள்.

'ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன், வயிறு சரியாயிடுச்சு, அப்ப மாத்திரைதான் காரணம்' என்பது அடுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லெவோதைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அளவு மிஞ்சியதால் வந்த பேதி இரண்டு நாளில் அடங்க வாய்ப்பில்லை. தானாக நிற்க வேண்டியது நின்றிருக்கும். இன்னொரு சிக்கல், வாரக்கணக்கில் நிறுத்தினால் ஹார்மோன் குறைந்து குடலே மந்தமாகும், மலச்சிக்கல் கட்டும். உண்மையிலேயே உள்ளே அழற்சி இருந்தாலும் அது அந்த மந்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

தைராய்டு மாத்திரையோடு வேறு எதுவெல்லாம் உள்ளே போகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் பேதியை உண்டாக்குவதில் பேர்போனது. மக்னீசியம் கலந்த அமிலநீக்கிகளும் அப்படியே. இடுப்புவலி, மூட்டுவலிக்கு என்று அடிக்கடி விழுங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் குடலில் நிஜமாகவே புண்ணும் அழற்சியும் ஏற்படுத்தக்கூடியவை. மருத்துவரிடம் போகும்போது தைராய்டு அட்டையை மட்டும் காட்டாமல் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாத்திரையில் லாக்டோஸ் இருக்கிறதே என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மாத்திரையின் மொத்த எடையே பெரும்பாலும் 100, 200 மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோரைக்கூட இந்தத் துளி அசைக்காது. வேறு சேர்மானம் ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் வந்தால், வேறு தயாரிப்புக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக மருந்தையே விட வேண்டியதில்லை.

ஆனால் அழற்சி இருக்கவே இருக்காது என்றும் சொல்ல மாட்டேன். தைராய்டைக் குறைக்கும் ஹாஷிமோட்டோ, அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் இரண்டும் உடம்பின் எதிர்ப்புச்சக்தி சொந்த உறுப்பையே தாக்கும் நோய்கள். அந்தக் குடும்பத்துப் பங்காளிகள் குடலிலும் உண்டு: கோதுமையில் இருக்கும் குளூட்டனால் தூண்டப்படும் சீலியாக் நோய், அப்புறம் நுண் பெருங்குடல் அழற்சி. மாத்திரையைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தால் இவை கண்டுபிடிக்கப்படாமல் வருடக்கணக்கில் இழுக்கும். சீலியாக் சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போவதும் தவறு. குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லும்.

நுண் அழற்சி இன்னும் சாமர்த்தியமானது. ரத்தம் இருக்காது, தண்ணீர் மாதிரி பேதி மட்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் குடல் பளிச்சென்று இருக்கும், 'எல்லாம் நார்மல்' என்று அறிக்கை வரும். திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பயாப்ஸி எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போகுமுன் மலத்தில் கால்புரொடெக்டின் அளவைப் பார்க்கும் எளிய பரிசோதனை, குடலில் அழற்சி இருக்க வாய்ப்புண்டா என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். வலி மாத்திரைகளாலும் அந்த அளவு ஏறும் என்பதால் அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கான கார்பிமசோல், மெதிமசோல் விஷயம் தனி. பேதி பெரும்பாலும் நோயினாலேயே இருக்கும், மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் குறையும். ஆனால் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால், வயிற்றுத் தொந்தரவு கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளணுக்கள் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வெள்ளணு சரிந்துபோகும் அபாயம் அரிது, வந்தால் உயிருக்கே ஆபத்து. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலியைக் குடல் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அது கணைய அழற்சியாக இருக்கலாம். கார்பிமசோல் விஷயத்தில் இதைப் பற்றி 2019-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ஒருமுறை அப்படி வந்தவர் அந்த மருந்தை மறுபடி தொடக்கூடாது.

காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது கடையில் லோப்பரமைடு வாங்கிப் போட்டுப் பேதியைக் கட்டுவதும் வேண்டாம்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு சுழற்சி. லெவோதைராக்சின் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழற்சி இருந்தால் மருந்து சரியாகச் சேராது, டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் கூடும் இன்னொரு ஹார்மோன்) ஏறும், டோஸ் கூட்டப்படும். பிறகு குடலுக்கு வைத்தியம் நடந்து சுவர் ஆறியதும், அதே டோஸ் முழுசாக உள்ளே சேர்ந்து மிகையாகிவிடும். மறுபடி படபடப்பு, மறுபடி பேதி, 'குடல் நோய் திரும்பிவிட்டது' என்ற பயம். குடல் வைத்தியம் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்தால் இது பிடிபட வாய்ப்புண்டு. குடல் மருத்துவர் இதைக் கேட்காமல் போகலாம், தைராய்டு மருத்துவருக்குக் குடல் வைத்தியம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம். இரண்டு பேரிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.