மூச்சு தயாராகிவிடும், எலும்புக்கு இன்னும் நாள் வேண்டும்

வலது முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, முன்னெலும்பின் உள்பக்க விளிம்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லாத ஓர் இடம். அதற்கு மேலேயும் கீழேயும் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் விரல் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் ஓட ஆரம்பித்து அப்போது நான்காவது மாதம். "நரம்பு பிசகியிருக்கும், நீவி விட்டாச் செரியாப் போயிரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூன்று நாள் வேப்பெண்ணெய் போட்டு நீவினேன். நான்காம் நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் எலும்பில் நூலிழை விரிசல் என்றார்கள். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். அந்த எட்டு வாரத்தில் தேடிப் படித்ததையும், அதன்பிறகு மூன்று அரை மாரத்தான், ஒரு முழு மாரத்தான் ஓடிக் கற்றதையும் இங்கே சொல்கிறேன். நாற்பதை ஒட்டிய வயதில், வேலையும் வீடும் பார்த்துக்கொண்டே ஓட வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என் விரிசலுக்குக் காரணம் நான் சோம்பலாக இருந்ததல்ல, நன்றாக ஓடியதுதான். ஓட ஆரம்பித்த ஆறேழு வாரத்தில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும். முதல் வாரம் 500 மீட்டரில் வாங்கிய மூச்சு, இரண்டாம் மாதம் 8 கிலோமீட்டர் போனாலும் வாங்காது. "இன்னும் போகலாம்" என்று மூச்சு சொல்லும், நாமும் போவோம். தசைநாரும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதிகளைக் கரைத்து எடுக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். நமக்கு உற்சாகம் உச்சத்தில் இருப்பதும் அதே வாரங்களில்தான். புதிதாக ஓடுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை மூச்சை மட்டும் கேட்டு முடிவெடுப்பதால் வருபவை.

நான் வாரத்துக்கு 27 கிலோமீட்டர் ஓடினேன். அதில் 18 ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓட்டத்தில் போனது. ஒரு வார ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வைக்காமல் இருப்பது நல்லது என்று அப்போது தெரியாது. இன்னொன்றையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். அதுவும் காலின் மேல் விழும் சுமைதான். ஏற்றுமதி அவசரத்தில் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட் போகும் வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். மற்றபடி மூன்று வாரம் ஏற்றினால் நான்காம் வாரம் குறையுங்கள்.

வலியைப் பிரித்துப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். முன்னெலும்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது தசை எலும்போடு ஒட்டும் இடத்தின் எரிச்சல். தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் அதே இடத்தில் குத்தினாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். நீவாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுபடி ஓடப் போகாதீர்கள்.

வேகம்

எங்கள் அப்பாரு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்கு நடந்தே போனவர். திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பதினான்கு வயதில் நானும் கூடப் போனேன். தாராபுரம் ரோட்டில் எல்லாரையும் தாண்டி முன்னால் ஓடியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மிணி, மொத நாளு காலு பறக்கத்தாஞ் செய்யும். அப்பப் புடிச்சு வெக்கோணும். தாராபுரந் தாண்டுனதுக்கப்பறந்தான் நடையே இருக்குது."

இருபத்தைந்து வருடம் கழித்துக் கோயம்புத்தூரில் என் முதல் அரை மாரத்தான் அன்று இது நினைவுக்கு வரவில்லை. 21.1 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிடத்தில் முடிக்க நினைத்திருந்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி வைத்தால் போதும். விடிகாலைக் குளிர், மேளச் சத்தம், முன்னால் ஓடும் கூட்டம். முதல் 5 கிலோமீட்டரை 5:45 வேகத்தில் ஓடினேன், கஷ்டமாகவே இல்லை. 14ஆவது கிலோமீட்டரில் தொடை கல்லானது. கடைசி 7 கிலோமீட்டரும் 8 நிமிடத்துக்கு மேல். முடித்தபோது 2 மணி 27 நிமிடம்.

முழு மாரத்தானில் இதற்கான விலை இன்னும் அதிகம். 42.195 கிலோமீட்டருக்கு உடல் எடையில் கிலோவுக்கும் ஓடும் கிலோமீட்டருக்கும் ஒரு கலோரி என்று தோராயமாக வைத்தால் 58 கிலோ எடைக்கு 2,450 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது 2,000 கலோரியை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் எல்லாவற்றையும் காலால் எடுக்க முடியாது. மிச்சத்தைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டு மாவுச்சத்தைத்தான் எடுக்கும். 30, 32ஆவது கிலோமீட்டரில் பலர் நின்றுபோவது முதல் மணி நேரத்தில் கூடுதலாக எரித்ததால்.

பயிற்சியிலும் இதே தவறுதான் நடக்கிறது. மெதுவாக ஓட வேண்டிய நாளில் பலர் நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். அது மெதுவும் இல்லை, வேகப் பயிற்சியும் இல்லை, களைப்புதான் மிச்சம். கூட ஓடுபவரிடம் முந்தின நாள் கம்பெனியில் நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம். வாரத்தில் ஐந்து நாள் ஓடினால் நான்கு நாளாவது பேசிக்கொண்டே ஓடும் வேகம் இருக்கட்டும்.

நம் ஊர்க் காற்று

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் எழுதிய பயிற்சி அட்டவணையில் இது இருக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே காட்டும். அந்த மாதங்களில் கிழக்கே பார்த்து ஓட்டத்தைத் தொடங்காதீர்கள். காற்று முதுகில் தள்ளும், 10 கிலோமீட்டர் சுலபமாகப் போய்விடுவீர்கள். திரும்பும்போது அதே 10 கிலோமீட்டர் முகத்தில் மண்ணோடு வரும், காலில் பலமும் இருக்காது. மேற்கே பார்த்துத் தொடங்கி, வரும்போது காற்றை முதுகில் வாங்குங்கள்.

அந்தக் காற்று வேர்வையையும் உடனே காயவைத்துவிடும். வேர்க்கவே இல்லை என்று நினைப்போம். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றினால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

இப்படிப் பழகிய உடம்போடு ஒரு ஜனவரியில் சென்னைக்கு முழு மாரத்தான் ஓடப் போனேன். கடற்கரை ஊரில் விடிவதற்கு முன்பே காற்றில் ஈரம். வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தது. வேர்வை வழிந்தால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். பழகிய வேகத்திலேயே என் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட 12 கூடுதலாக ஓடியது. நல்லவேளையாக 3ஆவது கிலோமீட்டரிலேயே கவனித்து, கிலோமீட்டருக்கு 20 விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். கொங்குப் பக்கமிருந்து சென்னைக்கோ கொச்சிக்கோ ஓடப் போகிறவர்கள் நேரக் கணக்கை வீட்டிலேயே தளர்த்தி வைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர், தின்பண்டம், மாத்திரை

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பது தெரிவதில்லை. அளவுக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்கும் நம்மைப் போன்றவர்கள் கவனமாக இருக்க வேண்டும். தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பொடி வாங்கினால் உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அரை லிட்டரில் கொட்டினால் வயிறு ஏற்காது. பழச்சுவையில் குட்டி அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல.

தின்பதில் என் அனுபவம்: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடலை மிட்டாய் வேண்டாம், நிலக்கடலையில் உள்ள கொழுப்பு செரிக்க நேரமெடுக்கும். நான் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையை 30 கிராம் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகிறேன். பழனிப் பஞ்சாமிர்தத்தைச் சின்னக் குப்பியில் அடைத்தும் பார்த்தேன். வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் இருப்பதால் எனக்கு நன்றாகவே வேலை செய்தது, நெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எதுவானாலும் பயிற்சியில் நான்கைந்து முறை தின்று பார்க்காமல் போட்டி நாளில் வாயில் வைக்காதீர்கள்.

முந்தின இரவு அரிசிம்பருப்புச் சோறு நல்லதுதான், பருப்பைக் குறைத்துப் போடுங்கள். கொள்ளுப் பருப்பும் பச்சைப்பயறுக் கடைசலும் அன்று வேண்டாம். நார்ச்சத்து காலையில் கழிப்பறையைத் தேட வைக்கும்.

வலி மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் உண்டு. ஓட்டம் தொடங்கும் இடத்தில் டைக்ளோபினாக், இபுபுரூபன் மாத்திரைகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தூரம் ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். உடம்பில் நீரும் குறைந்திருக்கும்போது இந்த மாத்திரை சிறுநீரகத்தை மேலும் நெருக்கும். எலும்பு எச்சரிக்கும் வலியையும் மறைத்துவிடும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்று ஓடாதீர்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி குறையாமலே வேகம் குறைந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கினால், ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் சோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், எனக்கு அப்படித்தான் இருந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்.

உடுப்பு

இது என் தொழில். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி) காட்டன் டீ-சர்ட் நம் ஊரின் பெருமைதான், ஆனால் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு அது ஆகாது. வேர்வையை இழுத்து வைத்துக்கொண்டு கனத்து, அக்குளிலும் மார்பிலும் தோலை அறுக்கும். பாலியஸ்டர் துணி எடுங்கள். கடையில் விலையைப் பார்ப்பதற்கு முன் உள்பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டுங்கள். ஓவர்லாக் தையல் என்றால் ஒரு வரப்பு தட்டுப்படும், ஆயிரக்கணக்கான தடவை உரசப்போவது அதுதான். பிளாட்லாக் தையல் படிந்திருக்கும், விரல் தடையில்லாமல் போகும். பெண்களுக்கான ஸ்போர்ட்ஸ் பிராவில் கீழ் எலாஸ்டிக் தைத்திருக்கும் இடத்தை இப்படிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். பக்கத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளை ஒட்ட வெட்டி எடுத்துவிடுங்கள். உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள்.

ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுக்கும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.

ஓடும் இடமும் முக்கியம். தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும். வண்டியைப் பார்த்தபடி எதிர்த்திசையில் ஓடுவதுதான் பாதுகாப்பு என்பதால் ரோட்டில் பக்கம் மாற்ற வழியில்லை. நான் வாரத்தில் மூன்று நாள் பொங்கலூர்ப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை மண்பாதைக்குப் போய்விடுகிறேன். வெளிச்சம் வந்த பிறகு, துணைக்கு ஆளோடு.

போட்டிக்கு முன்னும் பின்னும்

போதுமான அளவு பயிற்சி செய்யவில்லையோ என்ற பயத்தில் கடைசி வாரம் 30 கிலோமீட்டர் ஓடியவர்களை எனக்குத் தெரியும். அந்த ஓட்டத்தின் பலன் போட்டிக்குள் வந்து சேராது, களைப்பு மட்டும் சேரும். கடைசி நீண்ட ஓட்டம் மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு தூரத்தைக் குறையுங்கள், தூக்கத்தைக் கூட்டுங்கள்.

முடித்தவுடன் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பதக்கம் கழுத்தில் இருக்கும்போதே அடுத்த மாதப் போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். சென்னையிலிருந்து திரும்பி, திருப்பூர் ரயில் நிலையப் படிக்கட்டைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினேன். வலி ஐந்து நாளில் போய்விட்டது, மூச்சும் தயாராக இருந்தது. இருந்தாலும் இரண்டு வாரம் நடை மட்டும்தான். தினமும் குளிக்கும்போது அந்தப் பழைய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம் வாய்க்கால் கரையில் 4 கிலோமீட்டர் ஓடினேன், கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு.