லைன் மாறினாலும் முகவரி நிலைக்க வேண்டும்: சிறு இணைய நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இணைய சேவை நடத்தும் சிறு நிறுவனங்கள் பலவும், ஒன்று அறுந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில், இரண்டு பெரிய நிறுவனங்களிடம் லைன் வாங்கி வைத்திருக்கின்றன. லைன் மாறும் நேரத்தில் வாடிக்கையாளரின் ஐபி முகவரி என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவர்கள்தான் குறைவு. பேக்கப் லைன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தும் ஓசூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் விபிஎன் (இணையம் வழியாகவே அமைக்கும் பாதுகாப்பான தனி இணைப்பு) எழவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ஃபைபரில் இருக்காது, முகவரியில்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரவல் முகவரியை நிலையான ஐபி என்று விற்பது. மேல்நிலை நிறுவனம் தன் லைனோடு சேர்த்துக் கொடுக்கும் சில முகவரிகளை வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுத்தால், அவை அந்த லைன் உள்ளவரைதான் பயன்படும். லைன் அறுந்ததும் அதே முகவரியோடு இரண்டாவது லைன் வழியாகப் பாக்கெட்டை அனுப்பினால், தன்னுடையதல்லாத முகவரி என்று அந்த நிறுவனம் அதைத் தள்ளிவிடக்கூடும். தள்ளாவிட்டாலும் பதில் பழைய லைனைத் தேடித்தான் போகும். இதற்குச் சரியான தீர்வு, இந்தியாவில் ஐபி முகவரிகளை ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என் பதிவகத்தில் சொந்த முகவரித் தொகுதியும், நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்ணும் பெற்று, இரண்டு லைன்களிலும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) மூலம் அறிவிப்பதுதான். அறிவிக்கும் தொகுதி குறைந்தது /24, அதாவது 256 முகவரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதைப் பெரும்பாலான நெட்வொர்க்குகள் ஏற்பதில்லை. அந்தச் செலவு இப்போதைக்குக் கட்டாது என்பவர்கள், வாடிக்கையாளருக்கு இரு லைன்களிலும் ஒவ்வொரு முகவரி கொடுத்து, இரண்டையும் அவருடைய விபிஎன்னில் பதியச் சொல்வதே நேர்மை. வீட்டு இணைப்புகளுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. எந்த லைனில் வெளியேறுகிறதோ அந்த லைனின் முகவரியில் நாட் செய்தால், அதாவது உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பினால் போதும்.

அடுத்தது, நிறுவனத்திற்குள்ளேயே நேர்வது. வாடிக்கையாளர்கள் லாகின் செய்து நுழையும் பிபிபிஓஇ இணைப்புகளை ஏற்க ஓசூரில் ஒரு ரூட்டரும் கிருஷ்ணகிரியில் ஒரு ரூட்டரும் வைத்து, இரண்டிலும் ஒரே முகவரிப் பூலை (வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுக்கும் முகவரிகளின் தொகுப்பை) எழுதி வைப்பவர்கள் உண்டு. ஒன்று கொடுத்தது மற்றொன்றுக்குத் தெரியாது என்பதால், ஒரே முகவரி இருவருக்குப் போய்ச் சேரும். தனித்தனிப் பூல் வைக்கலாம், அல்லது முகவரி ஒதுக்கும் பொறுப்பை முழுவதுமாக, லாகின்களைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் சர்வரான ரேடியஸிடம் விடலாம். நிலையான ஐபி வாடிக்கையாளர் எந்த ரூட்டரில் ஏறினாலும், அவருடைய /32 வழி (அந்த ஒற்றை முகவரிக்கான வழி) அந்த ரூட்டரிலிருந்தே உள் நெட்வொர்க்கிற்கு அறிவிக்கப்பட வேண்டும். தொகுதி முழுவதையும் ஒரே ரூட்டரை நோக்கி நிலையான வழியாக எழுதிவிட்டால், அது விழுந்த அன்று வாடிக்கையாளர் அடுத்த ரூட்டரில் லாகின் ஆகியிருப்பார், ஆனால் ஒரு இணையப் பக்கமும் திறக்காது.

இதைவிட வேதனையானது செத்த செஷன், அதாவது முடிந்தும் கணக்கில் மூடப்படாமல் கிடக்கும் லாகின். மின்சாரம் போய் ஒரு ரூட்டர் சட்டென்று நின்றால், செஷன் முடிந்தது என்ற தகவலை அது ரேடியஸுக்கு அனுப்பியிருக்காது. ஒருவருக்கு ஒரு லாகின்தான் என்ற கட்டுப்பாடு இருக்கும் இடத்தில், நேற்றைய செஷன் இன்னும் உயிரோடு இருப்பதாக எண்ணும் ரேடியஸ், இரண்டாவது ரூட்டரைத் தேடி வரும் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பும். பேக்கப் ரூட்டர் தயாராக நின்றும் ஊரே இணையமில்லாமல் கிடப்பது இப்படித்தான். ரூட்டர் அவ்வப்போது அனுப்பும் இடைக்காலத் தகவல் குறிப்பிட்ட நேரம் வராத செஷன்களைத் தானாக மூடும் ஏற்பாடும், ரூட்டர் மீண்டும் எழும்போது அனுப்பும் அறிவிப்பைப் பார்த்து அதன் பழைய செஷன்களை அழிக்கும் ஏற்பாடும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லா வீட்டு ரூட்டரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்போது ரேடியஸின் டேட்டாபேஸ் தாங்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு ரூட்டர் நின்றால் மற்றொன்றை அதன் இடத்தில் நிறுத்தும் விஆர்ஆர்பி போட்டாயிற்று என்று நிம்மதி அடைவதும் தவறே. முதன்மை ரூட்டரின் குரல் நின்றால் சுமார் 3 விநாடிகளில் மாற்று ரூட்டர் பொறுப்பேற்கும் என்பது உண்மைதான். ஆனால் ரூட்டர் நலமாக இருந்து அதன் மேல்நிலை லைன் மட்டும் செத்துப்போனால், தனியாகக் கண்காணிக்கச் சொல்லாதவரை விஆர்ஆர்பிக்கு அது தெரியாது. பிஜிபியை அப்படியே விட்டால், பல ரூட்டர்களில் 180 விநாடிகள் கழித்தே எதிர்முனை போய்விட்டது என்று உணரும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் பிஎஃப்டி சேர்த்தால் ஒரு விநாடிக்குள் உணரும். இரண்டு லைன்களும் என்எச் 44 ஓரத்தில் ஒரே பள்ளத்தில் வருகின்றனவா என்பதையும் வரைபடம் வாங்கிப் பாருங்கள். சென்னைச் சாலை கிருஷ்ணகிரியில்தான் பிரிகிறது. ஒன்று பெங்களூரு லைன், மற்றது சென்னை லைன் என்று பெயரில் இருக்கும் வேற்றுமை மண்ணுக்கடியிலும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

100.64.0.0/10 தொகுதியிலிருந்து உள்முகவரி கொடுத்து, பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பவர்கள், மாற்றுக் கருவியிலும் நாட் பதிவு (எந்த நேரத்தில் எந்தப் பொது முகவரி யாரிடம் இருந்தது என்ற குறிப்பு) எழுதப்படுகிறதா என்று பார்க்க மறக்கிறார்கள். பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லும், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு 2022 ஏப்ரலில் வந்தது. உரிம விதிகள் கேட்கும் காலம் இதைவிட நீண்டது. காவல்துறை ஒரு முகவரியையும், அதைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும், நேரத்தையும் தந்து கேட்கும்போது, லைன் மாறியிருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பதிவு இல்லை என்ற பதில் எடுபடாது. இரு கருவிகளின் கடிகாரமும், இணையம் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி வழியாக ஒத்திருக்காவிட்டால், பதிவு இருந்தும் தவறான ஆளைக் காட்டும்.

சோதனை செய்யும்போது கட்டளை கொடுத்து, ரூட்டரில் லைன் செருகும் போர்ட்டை அணைத்துப் பார்ப்பது போதாது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, இரவு ஷிஃப்ட் நடக்கும் ஆலைகளின் ஒப்புதலோடு, முதன்மை ரூட்டரின் மின்சாரத்தையே பிடுங்க வேண்டும். கூகுள் திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மொபைல் இணைப்பிலிருந்து நிலையான ஐபி வாடிக்கையாளரின் முகவரியைத் தொட்டுப் பாருங்கள். பிறகு முதன்மை ரூட்டரை மீண்டும் எழுப்பி, அதே முகவரி தடுமாறாமல் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.