எட்டும் எய்ட்டும் சொந்தமா? சோதித்துப் பார்க்கும் விதம்

தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. கல்லூரி நாட்களில் இதை வைத்து, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்று நண்பனோடு ஒரு ராத்திரி முழுக்க வாதாடி ஜெயித்தேன். நான் சொன்னது தப்பு என்று தெரியவே சில வருடங்கள் ஆயின. இப்போதெல்லாம் இப்படி ஒரு ஜோடி கண்ணில் பட்டால் நோட்டில் எழுதிவைத்து நிதானமாக விசாரிப்பதோடு சரி.

முதலில் சொல்லை அதன் சொந்த வீட்டில் விசாரியுங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. இவற்றில் டகரமே இல்லை, ணகரம்தான் இருக்கிறது. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. ஆக வேர் 'எண்'. அதோடு 'து' சேர்ந்து எட்டு ஆனது. ஆங்கிலத்தின் சொந்தக்கார மொழிகள் பக்கம் பார்த்தால் ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஒக்தோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. மூக்கொலி எங்குமே இல்லை. சொந்தக்காரச் சொற்கள் பின்னோக்கிப் போகப் போக நெருங்கும். இவை விலகிப் போகின்றன.

நம் பக்க விசாரணைக்கு மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி போதும். 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பை இணையத்திலேயே தேடலாம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் பங்காளிகள் எல்லாரும் ஒரே பதிவில் வரிசையாக நிற்பார்கள்.

ஒலி அச்சு அசலாக ஒத்திருந்தாலும் இந்த விசாரணை வேண்டும். ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலத்திலிருந்து வாங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்து யிடின் மொழியில் நாய் 'குடக'. ம்பபரத்தில் முதல் அசையும் கடைசி உயிரும் உதிர்ந்து, நடுவிலும் ஒலி திரிந்து, தற்செயலாக அங்கே வந்து நின்றிருக்கிறது.

அடுத்தது தேதி. ஜப்பானியரின் 'அரிகாதோ' போர்த்துகீசிய 'ஒப்ரிகாதோ'விலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. போர்த்துகீசியர் ஜப்பானில் கால் வைத்தது 1543-இல். 'அரிகாதோ'வின் மூலச்சொல்லோ எட்டாம் நூற்றாண்டுக் கவிதையிலேயே இருக்கிறது. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு சொற்கள் ஒளிந்திருப்பதும் உண்டு. எனக்குப் பிடித்தது 'கேஷ்'. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீன் 'காப்ஸா'வின் வாரிசு. முதலில் பெட்டி, பிறகு பணப்பெட்டி, அப்புறம் பெட்டிக்குள் இருந்த பணம். நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றே பெயர். அதுவோ நம் 'காசு', போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. நல்ல ஆங்கில அகராதிகளில் இவை தனித்தனிப் பதிவுகள். தலைச்சொல்லின் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் இருக்கும். முதல் பதிவைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நான் மூடியிருக்கிறேன்.

ஓரசைச் சொற்களிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். ஆனால் ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டும் ஒத்துப்போவது பெரிய சாட்சி ஆகாது.

குழந்தைகளின் மழலையில் பிறந்த அம்மா, அப்பா வகையறாவை நான் நோட்டில் ஏற்றுவதே இல்லை. பிள்ளைகள் வாயில் முதலில் வரும் ஒலிகளைத்தான் பெற்றவர்கள் பெயராக்கிக்கொள்கிறார்கள், அதுவும் அவரவர் இஷ்டப்படி. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா'.