விக்காத விஷுவல்: எல்இடி வாலுக்கு ஜெனரேட்டிவ் கிளிப் தயாரிக்கும் முறை

"தம்பி, உங்க படம் விக்குதுங்க" என்றார் எல்இடி வால், அதாவது மேடையின் எல்இடி விளக்குச் சுவரைக் கட்ட வந்த அண்ணன். விக்கல் எடுத்த மாதிரி படம் நின்று நின்று ஓடுகிறது என்று அர்த்தம்.

கோவைக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானம். ஏப்ரல் மாதம், டிஜே நைட். சாயங்காலம் ஆறு மணிக்கும் தரைச்சூடு இறங்கவில்லை. டிஜேயின் பாட்டுக்குச் சுவரில் படம் ஓட்டும் விஜே நான். என் லேப்டாப்பில் 40,000 பார்ட்டிகிள், அதாவது தனித்தனியே அசையும் சின்னப் புள்ளிகள், லைவாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஃபேனுக்கு அடியில் நொடிக்கு 60 ஃப்ரேம் கொடுத்த அதே ஸ்கெட்ச், அதாவது படத்தை உருவாக்கும் புரோகிராம், அங்கே 22-ல் தள்ளாடியது. சூடு தாங்காமல் கிராபிக்ஸ் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிட்டது. நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய ஸ்கெட்சை மூடிவைத்துவிட்டு, பழைய ஸ்டாக் கிளிப்புகளை வைத்து அந்த ராத்திரியை ஒப்பேற்றினேன்.

அதிலிருந்து கணக்குப் போடும் வேலையை மேடைக்கு எடுத்துப்போவதில்லை. அதை வீட்டிலேயே முடித்துவிடுவேன். மேடையில் லேப்டாப் படத்தை எடுத்துக் காட்டினால் போதும். ஜெனரேட்டிவ், அதாவது புரோகிராம் கணக்குப் போட்டு உருவாக்கும் படம் என்றால் லைவாகத்தான் ஓடவேண்டும் என்று சண்டைக்கு வரும் நண்பர்கள் இருக்கிறார்கள். எதிரே ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. விக்குவது மட்டும் தெரியும்.

எல்லாவற்றையும் ரெண்டர் செய்து, அதாவது முன்கூட்டியே வீடியோவாக எடுத்து, வைக்கச் சொல்லவில்லை. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். வீட்டில் அதில் பாதிக்கு மேல் சாப்பிடும் எதையும் ரெண்டர் செய்துவிடுவேன். முந்தைய ஃப்ரேமை வைத்து அடுத்த ஃப்ரேம் பிறக்கிற வகை, அதாவது பார்ட்டிகிள், ஃபீட்பேக், துணி மாதிரி அசையும் சிமுலேஷன் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். பாட்டின் பேஸ் ஒலிக்குத் துடிக்கிற ஒரு சின்ன ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் குட்டிப் புரோகிராம்), நிறம் மாற்றுவது, ஸ்ட்ரோப், இவை லைவாகவே இருக்கட்டும். டிஜேயோடு சேர்ந்து விளையாட அவ்வளவு போதும்.

சுவரை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்

"4கே-வில் ரெண்டர் பண்ணிட்டேன் ப்ரோ" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சுவரில் எத்தனை பிக்சல்? நம் ஊரில் வால் அடிக்கணக்கில்தான் பேசப்படும். 20-க்கு 10 என்றால் கிட்டத்தட்ட 6 மீட்டருக்கு 3 மீட்டர். பி3.91, அதாவது விளக்குக்கு விளக்கு 3.91 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் பேனல் ஒன்று அரை மீட்டர் சதுரம், அதில் 128-க்கு 128 பிக்சல். அகலத்தில் 12, உயரத்தில் 6, மொத்தம் 72 பேனல். ஆக முழுச் சுவரும் 1536-க்கு 768. ஃபுல் எச்டி அளவுகூட இல்லை! 4கே கிளிப்பை அதில் போட்டால் ஏழில் ஆறு பங்கு பிக்சலை வீணாகச் சுமந்துபோய் அங்கே கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

நிகழ்ச்சிக்கு முன்பே வால்காரருக்கு போன் போட்டு பேனல் எண்ணிக்கையையும் பிட்ச்சையும், அதாவது அந்த விளக்கு இடைவெளியையும், கேட்டு வாங்குங்கள். "பி3 தான் சார், நல்லா இருக்கும்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். பி2.6 என்றால் அதே அரை மீட்டர் பேனலில் 192 பிக்சல், கணக்கே வேறு. டச்டிசைனர் என்ற விஷுவல் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒரு முட்டுக்கட்டை வரும்: அதில் 1280-க்கு 1280-தான் உச்சம். நம் 1536 அகலம் அதற்குள் அடங்காது. பாதிப் பாதியாக ரெண்டர் செய்து ஒட்டலாம், அல்லது ப்ராசஸிங் என்ற புரோகிராம் மொழியில் எழுதலாம். நான் இரண்டாவது கட்சி.

பிக்சல் கணக்கு தெரிந்துவிட்டால் கோட்டின் தடிமனும் பிடிபடும். ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்குச் சிக்குக்கோலம் தானாக வரைந்துகொள்வது மாதிரி ஒரு கிளிப் செய்தேன். மானிட்டரில் ஒரு பிக்சல் கோடு, பார்க்க அரிசிமாவு இழை மாதிரியே இருந்தது. சுவரில் ஏறியதும் ஒவ்வொரு வளைவும் மினுக்மினுக்கென்று நடுங்கியது. வளைந்துபோகும் மெல்லிய கோடு ஒரு விளக்கிலிருந்து பக்கத்து விளக்குக்குத் தாவும்போது, விளக்குகளுக்கு நடுவில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதே! மூன்று பிக்சலுக்குக் குறைந்து கோடு போடக் கூடாது, ஓரத்தையும் கொஞ்சம் மென்மையாக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

லூப்பை மூடுவது

இதுதான் நிஜமான வேலை. லூப் என்றால் முடிவும் தொடக்கமும் ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடும் கிளிப். லூப்பின் நீளத்தைப் பாட்டின் தாளத்திலிருந்து எடுங்கள். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 தட்டு) 16 தட்டு என்பது சரியாக 7.5 நொடி, 60 ஃப்ரேம் வேகத்தில் 450 ஃப்ரேம். 120 பிபிஎம் என்றால் 8 நொடி, 480 ஃப்ரேம். இரண்டும் முழு எண்ணாக வருவதால் எனக்குப் பிடித்த வேகங்கள் இவை. டிஜே 126-க்கு இறங்கினாலும் மேடையில் கிளிப்பை ஓட்டும் மென்பொருளின் பிபிஎம் சிங்க் லேசாக இழுத்துச் சரிசெய்துகொள்ளும்.

இனி, ஸ்கெட்சுக்குள் நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். ப்ராசஸிங்கில் மில்லிசெகண்டைக் கேட்டு அசைவை எழுதினால், ரெண்டரின்போது ஒரு ஃப்ரேமைச் சேமிக்க அரை நொடி ஆகிற இடத்தில் படம் குதிக்கும். ஃப்ரேம் எண்ணை 450-ஆல் வகுத்து வரும் 0 முதல் 1 வரையிலான பின்னம்தான் உங்கள் கடிகாரம். ரேண்டம் எண், நாய்ஸ் (திடீரென்று குதிக்காமல் மெல்ல மாறும் ரேண்டம் எண்) இரண்டுக்கும் சீட் எண்ணை, அதாவது அவை கிளம்பும் ஆரம்ப எண்ணை, மாறாமல் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அதே கிளிப்பை வேறு அளவில் எடுக்கும்போது வேறு படம் வந்து நிற்கும்.

ஜெனரேட்டிவ் ஆட்கள் எல்லாரும் சாப்பிடும் சோறு பெர்லின் நாய்ஸ். 1980-களின் தொடக்கத்தில் கென் பெர்லின் உருவாக்கியது. 1997-ல் அதற்கு ஆஸ்கரின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. நாய்ஸுக்குள் நேரத்தை நேர்கோட்டில் ஓட்டினால் அது கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரவே வராது. 450-வது ஃப்ரேமிலிருந்து முதல் ஃப்ரேமுக்குப் படம் துள்ளும். வட்டத்தில் ஓட்டுங்கள். பின்னத்தை முழுச்சுற்றுக் கோணமாக்கி, அதன் கொசைனையும் சைனையும் ஓர் ஆரத்தால் பெருக்கி நாய்ஸின் இரண்டு அச்சுகளில் கொடுங்கள். சுற்று முடிந்ததும் புறப்பட்ட புள்ளியிலேயே வந்து நிற்கும். ஆரம் சின்னதென்றால் புகை மாதிரி மெதுவாக அசையும், பெரிதாக்கினால் கொதிக்கும். நான் 0.6-ல் ஆரம்பித்துக் கண்ணால் பார்த்துக் கூட்டுவேன்.

ரெண்டர் செய்யவேண்டியது 0 முதல் 449 வரை. 450-வது ஃப்ரேமையும் சேர்த்தால் அது முதல் ஃப்ரேமின் நகல். ஒவ்வொரு சுற்றிலும் படம் ஒரு கணம் நின்று நகரும். இந்தத் தப்பைச் செய்யாத விஜே யாரையும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

பார்ட்டிகிளுக்கு இந்த வட்ட வித்தை மட்டும் போதாது. காற்று திரும்பி வந்தாலும், அது தள்ளிக்கொண்டுபோன தூசி திரும்பி வராதல்லவா? இரண்டு வழி உண்டு. முதல் வழி, ஒவ்வொரு பார்ட்டிகிளுக்கும் ஒரு பிறப்பு நேரம், ஓர் ஆயுள், ஒரு பாதை கொடுத்து, அதன் இடத்தைப் பின்னத்திலிருந்தே நேரடியாகக் கணக்கிடுவது. லூப்பின் நீளம் ஆயுளால் மீதமில்லாமல் வகுபட வேண்டும். பிறக்கும்போதும் மறையும்போதும் மங்கலாக இருந்தால் தையல் தெரியாது. சுத்தமான வழிதான், ஆனால் ஸ்கெட்சையே திருப்பி எழுத வேண்டும்.

நேரமில்லாத வாரங்களில் நான் செய்வது இரண்டாவது. சிமுலேஷனை முதலில் 300 ஃப்ரேம் சும்மா ஓடவிட்டு அதைத் தூக்கிப்போடுவேன், வெறும் கறுப்பில் ஆரம்பிக்காமல் இருக்க. பிறகு 540 ஃப்ரேம் எடுப்பேன். கூடுதலாக உள்ள கடைசி 90-ஐ, முதல் 90-க்கு மேல் வைத்து, மேலே இருப்பது மங்க மங்கக் கீழே இருப்பது தெளியும்படி கலப்பேன். முடிவில் 450 ஃப்ரேம். 449-க்கு அடுத்து வருவது அதன் இயல்பான தொடர்ச்சியான 450-வது படம்தான் என்பதால் துள்ளல் இருக்காது. ஒரு சிக்கல்: கறுப்புப் பின்னணியில் புள்ளிகளை நேர்விகிதத்தில் கலந்தால் நடுவில் வெளிச்சம் குறைந்து, படம் மூச்சுவிடுகிற மாதிரி தெரியும். கலக்கும் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரெண்டரைப் பிஎன்ஜி வரிசையாக (ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படக் கோப்பு) எடுங்கள். டச்டிசைனரில் எடுப்பவர்கள் ரியல்டைம் பட்டனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரேம் விழும். ஸ்க்ரீன் ரெக்கார்டர் வைத்துப் பிடிப்பது வேண்டவே வேண்டாம்.

கோடெக்

கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கிவைத்து, ஓட்டும்போது அவிழ்க்கும் முறை. அதில் ஒன்றான எச்.264 கெட்டதில்லை, யூடியூபுக்கு. அது முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறைதான் வைத்துக்கொள்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் முன்பின் படங்களோடு உள்ள வித்தியாசம். மேடையில் நாம் கிளிப்பைத் தலைகீழாக ஓட்டுவோம், நடுவில் குதிப்போம், தட்டுக்குத் தட்டு முதலுக்குப் போவோம். ஒவ்வொரு தடவையும் அது பின்னால் ஓடி ஒரு முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும். தவிர, ஆயிரக்கணக்கான சின்னப் புள்ளிகள் தனித்தனியே அசைந்தால் எச்.264 திணறி, படத்தைக் கூழாக்கிவிடும்.

ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கிற, கிராபிக்ஸ் கார்டே அவிழ்க்கிற கோடெக்தான் நமக்கு வேண்டும். மேடையில் கிளிப் ஓட்டும் மென்பொருள் ரெசொல்யூம் என்றால் அதன் சொந்தக் கோடெக்கான டிஎக்ஸ்வி. கிளிப்பை அதற்கு மாற்றித்தரும் ஆலி என்ற மென்பொருள் இலவசம். டச்டிசைனர், மேட்மேப்பர், மில்லுமின், விடிஎம்எக்ஸ் மாதிரி மென்பொருள்கள் பக்கம் என்றால் ஹேப் கோடெக். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியிலேயே ஹேப் எழுதலாம். அகலமும் உயரமும் 4-ஆல் வகுபட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை; 1366 அகலத்தில் கிளிப் செய்து கொண்டுவந்த தம்பி ஒருவருக்கு அங்கேயே எரர்.

சாதாரண ஹேப் பிக்சலுக்கு அரை பைட், அதன் உயர்தர வகையான ஹேப் க்யூ ஒரு பைட். நம் சுவருக்கு ஹேப் க்யூ என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 1.18 எம்பி, நொடிக்கு 71 எம்பி. மூன்று லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கிளிப், ஒரே நேரத்தில் என்றால் 212 எம்பி. யுஎஸ்பியில் தொங்கும் பழைய ஹார்டு டிஸ்க் இதற்குத் தாங்காது, சாட்டா எஸ்எஸ்டி தாங்கும். அந்த 4கே நண்பரின் ஒரே லேயர் 60 ஃப்ரேமில் நொடிக்கு 498 எம்பி கேட்கும். அவர் படம் ஏன் விக்குகிறது என்று இப்போது புரிகிறதா?

எதற்கு எது? பளிச்சென்ற புள்ளிகள், கோடுகள், கட்டங்கள் எல்லாம் சாதாரண ஹேப்பிலேயே நன்றாக இருக்கும். கருநீலத்திலிருந்து கறுப்புக்கு மெல்ல இறங்குவது மாதிரி வண்ணச்சரிவு இருந்தால் ஹேப் க்யூ. சாதாரண ஹேப் 4-க்கு 4 பிக்சல் கட்டத்துக்கு இரண்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இடையில் நிரப்புவதால் சரிவு படிக்கட்டாகிவிடும். ரெண்டரிலேயே லேசாகக் கிரெயின் (பொடிப்புள்ளி) தூவினால் படிக்கட்டு இன்னும் மறையும்.

ஆல்ஃபா சேனலுக்கு, அதாவது பின்னணியே இல்லாத கிளிப்புக்கு, ஆசைப்படாதீர்கள். கறுப்புப் பின்னணியில் எடுத்து, மேடையில் ஆட் முறையில் (வெளிச்சத்தோடு வெளிச்சத்தைக் கூட்டி) கலந்தால் அதே வேலை நடக்கும். ஆடியோ டிராக்கையும் நீக்கிவிடுங்கள். 25 ஃப்ரேமில் எடுக்கும் பழக்கம் நம் எடிட்டர்களிடம் இன்னும் இருக்கிறது. நொடிக்கு 60 முறை துடிக்கும் (60 ஹெர்ட்ஸ்) சுவரில் அதன் சில படம் இரண்டு துடிப்பும் சில படம் மூன்று துடிப்பும் நிற்கும், பக்கவாட்டில் நகரும் எதுவும் தடுக்கித் தடுக்கிப் போகும். 30 அல்லது 60.

மைதானத்துக்குப் போகும் முன்

எல்லா லேயரையும் ஏற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்து "ஸ்மூத்தா இருக்கு" என்று சொல்வது செல்லாது. சூடு ஏறுவது இருபதாவது நிமிஷத்துக்கு மேல்தான். எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, திரையில் வைத்துக்கொள்ளுங்கள். 59-க்கும் 60-க்கும் நடுவில் ஆடினால் கவலையில்லை. 45-க்கு விழுந்து ஏறினால் ஒரு லேயரைக் குறையுங்கள்.

லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் அதையும் 60-க்கு இறக்கிவிடுங்கள். இரண்டு வேகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு படம் இழுபடுவதை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்ப்ளே எக்ஸ்டெண்டில் இருக்கட்டும், டூப்ளிகேட்டில் வேண்டாம். வால்பேப்பர் முழுக் கறுப்பு, அப்டேட் நிறுத்தம், ஒரிஜினல் சார்ஜர். மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது என்றால் நடுவில் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். சார்ஜர் ஒரு நொடி கண்ணடித்தாலும் கிராபிக்ஸ் கார்டு பேட்டரி வேகத்துக்கு இறங்கிவிடும்.

அங்கே போனதும் வால்காரரின் ப்ராசஸர் (லேப்டாப் சிக்னலை வாங்கிச் சுவருக்குக் கொடுக்கும் பெட்டி) பெரும்பாலும் 1920-க்கு 1080 சிக்னலை வாங்கி, அதன் இடதுமேல் மூலையிலிருந்து 1536-க்கு 768-ஐ மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். உங்கள் மென்பொருளில் படத்தை அதே மூலையில், பெரிதாக்காமல் சிறிதாக்காமல் வையுங்கள். ஒரு பிக்சல் தடிமனில் கட்டம் போட்ட டெஸ்ட் படம் ஒன்றை எப்போதும் வைத்திருப்பேன். கோடுகள் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தால் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்திவிட்டது. சில கோடுகள் தடித்தும் சில காணாமலும் போனால் நடுவில் எங்கோ படம் சுருங்குகிறது. ப்ராசஸரிலோ உங்கள் விண்டோஸ் ஸ்கேலிலோ தேடுங்கள்.

கடைசியாக, இரண்டு நிமிட லூப் ஒன்றை மட்டும் எச்.264-ல் எடுத்து, பென்டிரைவில் போட்டு, மேலே டேப் ஒட்டி "1536-768" என்று எழுதி வால்காரர் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். என் லேப்டாப் படுத்தால் அவர் லேப்டாப்பில் அது ஓடும். யாரும் அதைத் தலைகீழாக ஓட்டப்போவதில்லை.