உறை மோர் மட்டும் தயிராகாது: டெல்டா வயலில் நாம் செய்யும் தவறுகள்

ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, ஆடியில் விதை விட்டால் சம்பா, தையில் அறுப்பு. காவிரி டெல்டாவில் எங்கள் தாத்தாக்களுக்கு இதற்கு மேல் காலண்டர் தேவைப்படவில்லை. இப்போது அந்தக் கணக்கு எதையும் நம்ப முடியவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து சம்பா கருகியது. 2018 நவம்பரில் கஜா. 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற கதிர்மேல் விடாத மழை. 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அதே கதை.

அதனால் இயற்கை விவசாயம், பாரம்பரிய நெல், நீர்ச் சிக்கனம் என்று பலர் மாறத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டாம் வருஷமே கையைச் சுட்டுக்கொண்டு பழைய வழிக்குத் திரும்புகிறவர்களையும் பார்க்கிறேன். அநேகமாக முறையில் குற்றம் இருக்காது. அதில் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டிருப்பார்கள்.

ஜீவாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. இது இப்போது பலருக்கும் மனப்பாடம். யூரியாவை நிறுத்திவிட்டு இதை ஊற்றினால் பயிர் எழுந்து நிற்கும் என்று நம்புகிறார்கள். அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகக் கொஞ்சம். அது உரமில்லை, உறை மோர். பால் இருந்தால்தானே உறை ஊற்ற முடியும்? மண்ணுக்குப் பால் என்பது பசுந்தாள், தொழுவுரம், வைக்கோல். அவை போகாத வயலில் எத்தனை டிரம் ஊற்றினாலும் வெறும் பாத்திரத்தில் மோர் தெளித்த கதைதான்.

சரி, பசுந்தாள் விதைக்கிறோம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு. பூ எடுக்கும் சமயம், அதாவது 40, 45 நாளில் மடக்கி உழ வேண்டும். ஒரு கோடையில் நானும் விதைத்தேன். டிராக்டர் கிடைக்கப் பத்து நாள், வாய்க்காலில் தண்ணீர் வர இன்னும் பத்து நாள். உழ இறங்கியபோது செடி ஆளுயரம். தண்டு நாராக முற்றி ரொட்டவேட்டரில் சுற்றிக்கொண்டது. இருபதடிக்கு ஒருமுறை இறங்கி அரிவாளால் அறுத்து எடுத்தோம். நட்ட நாற்று மூன்று வாரம் மஞ்சளாகவே நின்றது. முற்றிய தண்டு மக்குவதற்கே மண்ணிலிருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. அந்த வருஷம் யூரியா போட்டுத்தான் பயிரைத் தேற்றினேன். தண்ணீர் வரும் தேதி தெரியாவிட்டால் விதைப்பைத் தள்ளிப்போடலாம், அல்லது போர் கிணறு இருக்கிற வயலில் மட்டும் போடலாம். இரண்டையும் அப்போது நான் யோசிக்கவில்லை.

வைக்கோல் கதை இன்னும் வேடிக்கை. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. அதை இயந்திரம் விட்டுக் கட்டாகக் கட்டி விற்கிறோம். விற்ற காசில் பொட்டாஷ் வாங்குகிறோம்.

ஒரே வருஷத்தில் முழு நிலத்தையும் மாற்றுவது அடுத்த தவறு. இதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. இலங்கையில் 2021 மே வாக்கில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். போதுமான இயற்கை உரம் கையில் இல்லை, விவசாயிகளுக்குப் பழக அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று, ஆனால் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் திரும்ப வரவில்லை. நம் அளவில் பார்த்தால், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் முதல் வருஷம் ஒரு மாவில், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கில், தொடங்கினால் போதும். அதில் சறுக்கினால் வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறை வராது.

ரகத் தேர்வில் நடக்கும் கூத்து தனி. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ரகங்களைப் பெயருக்கும் விலைக்கும் பார்த்து வாங்குகிறோம், வயலைப் பார்த்து வாங்குவதில்லை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறக்குறைய 160 நாள், காட்டுயானத்துக்கு 180. தண்ணீர் முன்கூட்டி நின்றுபோகும் கடைமடையில் இவற்றை வைத்துக்கொண்டு மாசியில் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அங்கே குறைந்த நாளில் முடியும் பூங்கார் போன்றதை யோசிக்கலாம். உப்புத் தாங்கும் குழிவெடிச்சானுக்கு ஏற்ற இடம் கடலோர நிலம். இன்னொன்று, உயரமாக வளரும் இந்த ரகங்களுக்குப் பயிர் வெளுத்திருக்கிறதே என்று ஒரு மூட்டை யூரியாவைத் தூவிவிட்டால் கதிர் பிடித்த கையோடு படுத்துவிடும். அடைமழையில் படுத்த நெல் நாலாம் நாள் வயலிலேயே முளைக்கும்.

பாரம்பரியம் என்றால் புனிதம், ஆராய்ச்சி நிலைய ரகம் என்றால் பாவம் என்ற பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. பள்ளக்கால் நிலத்துக்கு சி.ஆர். 1009 சப் 1 நல்ல துணை. இளம்பயிர் இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். ஆனால் அந்தக் குணம் பயிர் வளரும் பருவத்துக்கு மட்டும்தான். ‘வெள்ளம் தாங்கும் ரகம்’ என்று கேள்விப்பட்டு, ஜனவரி மழையில் முற்றிய கதிரையும் அது காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது.

தண்ணீருக்கு வருவோம். எப்போதும் தேங்கி நிற்கும் நெல்வயல் மீத்தேனை விடுகிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை அது. நீர் மறைய நீர் கட்டினால் மீத்தேன் பெருமளவு குறையும், தண்ணீரும் மிஞ்சும். இதில் பலரும் மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மண்ணுக்குள் பார்க்க வேண்டும். ஒன்றேகால் அடி பிவிசி குழாய் ஒரு துண்டு, அடிப்பாதியில் சுற்றிலும் துளை. அந்தப் பாதியைச் சேற்றில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் வழித்து எடுத்துவிட்டால் வயலின் நீர்மட்டம் கிணற்றில் தெரிவதுபோலத் தெரியும். மண்ணுக்குக் கீழே அரை அடிவரை இறங்கியதும் மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். குழாய்க்கு ஆகும் செலவு ஒரு டீ, வடை காசு.

டெல்டாவின் களிமண்ணில் இன்னும் நாலு நாள் போகட்டும் என்று விட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். பிறகு கட்டும் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். பூக்கும் சமயத்தில் காயப் போடவே கூடாது, அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்கட்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்கும் வயலில் யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் போகும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பிடித்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போடுங்கள். புகையான் பூச்சியும் குறையும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் விடும் கடைமடையில் நீர் மறைய நீர் கட்டுவது எடுபடாது. தண்ணீர் வந்த அன்று பிடித்து வைக்காதவன் அடுத்த முறைவரை காய வேண்டும். மோட்டார் இருப்பவருக்குத்தான் இது வசதி. அந்த மோட்டார் சோலாராக இருந்துவிட்டால் வேறொரு தொல்லை. கரண்ட் பில் இல்லையே என்று காலை முதல் மாலைவரை ஓடவிட்டால், கடலோரத்தில் கொஞ்ச வருஷத்தில் போரில் உப்பு ஏறும்.

வறட்சிக்குத் தயாராகிறவர்கள் பலர் வெள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். பாசன வாய்க்காலுக்கு ஊரே கூடும். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிய வடிகாலை ஐப்பசி பிறந்த பிறகுதான் எட்டிப் பார்ப்போம். பக்கத்து வயல்காரரிடம் பேசி, உங்கள் தண்ணீர் எந்த வழியாக வடிகிறது என்பதை ஆவணியிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காப்பீடு. சம்பாவுக்குக் காப்புத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயியின் பங்கு. இயற்கை விவசாயம் செய்பவர்களில் சிலர் இது நமக்கில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மழைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கிராமப் பயிர்ப் பதிவான அடங்கலில் சர்வே எண்ணும் பயிரும் சரியாக இருக்கிறதா என்று முன்பே பார்த்து வாங்குங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அன்றைக்குப் போய் வரிசையில் நின்றால் சர்வர் படுத்துவிடும், நான் நின்றிருக்கிறேன்.