கூலிங் பேட் வாங்கியும் லேப்டாப் சூடு குறையாத கதை

வீடியோ கால் தொடங்கிய கால் மணி நேரத்தில் ஃபேன் அலறும், 96 டிகிரி காட்டும், மவுஸ்கூட நத்தையாய் நகரும். தூசி தட்டினேன், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றினேன், விண்டோஸையும் புதிதாய்ப் போட்டேன் (ஒரு ஞாயிறு போச்சு). பிறகு கூலிங் பேட் (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகை). இறங்கியது வெறும் 2 டிகிரி.

நாலாம் நாள், ஓடிக்கொண்டிருந்த பேடைத் துடைக்கும்போது டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்று அதன்மேல் விழுந்தது. பறக்கவில்லை; வலையோடு ஒட்டிக்கொண்டது! அப்போதுதான் உறைத்தது, பேட் காற்றைக் கீழே இழுக்கிறது. என் லேப்டாப்போ அடிப்பக்கத் துளை வழியாகத்தான் காற்றை உள்ளே எடுக்கும். இரண்டுக்கும் நடுவே இழுபறி.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பேடின் ஃபேனைத் திருப்பி மாட்டினேன். அதே வீடியோ கால், 81 டிகிரி. துளைக்கு நேராக ஃபேன் வரும்படி லேப்டாப்பை இரண்டு விரற்கடை தள்ளி வைத்ததில் இன்னும் 3 டிகிரி இறங்கியது. அப்பாடா!